கொப்பரைக் கணக்கு

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அடுப்புக்கு அறிவியல் வந்து சேரவில்லை.

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு மூலையில், மலையாள மண்ணில் தமிழ் பேசும் கிராமங்கள் உள்ளன. காந்தலூர், மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. கேரளத்தையே நனைக்கும் தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி இங்கே வரும்போது இளைத்துப் போய்விடுகிறது. இங்கு ஓடும் பாம்பாறும் மற்ற கேரள ஆறுகளைப் போல அரபிக் கடலுக்குப் போகாமல், கிழக்கே திரும்பி அமராவதியில் சேர்கிறது. சந்தைப் பாதையும் வெகுகாலமாக அதே திசைதான்: சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு.

காந்தலூரின் பூண்டும் ஆப்பிளும் சுற்றுலாப் பயணிகளை இழுக்கின்றன. 2023ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான போட்டியில் இந்த ஊர் தங்க விருது பெற்றது. ஆனால் இந்தப் பகுதியின் பழைய தொழிற்சாலை, மலைச்சரிவில் புகை கக்கும் கரும்பு ஆலைக் கொட்டகைதான். காந்தலூர், மறையூர் ஆகிய இரண்டு பஞ்சாயத்துகளில் காய்ச்சப்படும் வெல்லம் ‘மறையூர் வெல்லம்’ என்ற பெயரில் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதற்குத் துணை நின்றது. உப்புக் கரிப்பு இல்லாத, கரும்பழுப்பு நிறமுள்ள, கையால் உருட்டிய உருண்டை என்பது அதன் அடையாளம்.

குறியீடு காப்பது பெயரை. அந்தப் பெயருக்குரிய பொருளை லாபத்தோடு செய்ய முடிகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் கொப்பரைக்கு அடியில் இருக்கிறது.

வெல்லம் காய்ச்சுவது கேட்பதற்கு எளிய வேலை. கரும்பை உருளைகளில் நசுக்கிச் சாறு எடுக்க வேண்டும். பெரிய கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை வாரிக் கொட்ட வேண்டும். பாகு பதம் வந்ததும் மரத் தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். பொறியாளரின் கண்ணுக்கோ இது வேறு விதமாகத் தெரியும். வெல்லம் காய்ச்சுவது என்பது பெரும்பாலும் நீரை விரட்டுகிற வேலை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் கரும்பை நசுக்கினால் சுமார் 600 கிலோ சாறு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தேறும் வெல்லம் ஏறக்குறைய 100 கிலோ. மீதி 500 கிலோவும் ஆவியாகிப் போக வேண்டிய நீர். கொதிக்கும் ஒரு கிலோ நீரை ஆவியாக்க சுமார் 2,257 கிலோ ஜூல் வெப்பம் தேவை. சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டு வரும் செலவையும் சேர்த்தால், டன்னுக்குச் சுமார் 13 லட்சம் கிலோ ஜூல்.

வரவு எவ்வளவு? அதே டன் கரும்பில் மிஞ்சுவது 400 கிலோ ஈரச் சக்கை. பாதிக்குப் பாதி தண்ணீர். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் 220 கிலோ நிற்கும். கிலோவுக்கு 16,000 கிலோ ஜூல் என்றால், மொத்தம் 35 லட்சம். தேவையைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். அடுப்பில் பிறக்கும் வெப்பத்தில் 37 சதவீதம் கொப்பரைக்குள் போனாலே போதும், வெளியிலிருந்து ஒரு சுள்ளிகூட வாங்க வேண்டியதில்லை.

போவதில்லை என்பதுதான் சிக்கல். சாதாரண ஒற்றைக் கொப்பரை அடுப்புகளில் 25 சதவீதமோ அதற்கும் குறைவோதான் சாற்றைச் சென்றடைகிறது. மீதி புகையோடு மேலே போகிறது. அல்லது அடுப்புச் சுவரையும் கொட்டகையையும் சூடாக்குகிறது. 25 சதவீத அடுப்புக்கு 52 லட்சம் கிலோ ஜூல் எரிபொருள் வேண்டும். கையில் இருப்பது 35 லட்சம். மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. அதை விறகு வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரு பக்கம் மறையூர் சந்தனக் காடு, மறு பக்கம் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் என்று சூழ்ந்திருக்கும் இடத்தில், விறகு சுலபமான சரக்கல்ல.

இந்த ஓட்டையை அடைக்க ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. 1952ல் தொடங்கப்பட்ட லக்னோவின் இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வெல்ல அடுப்புகளைத் தனிப் பாடமாகவே எடுத்துக்கொண்டது. அங்கு எஸ்.ஐ. அன்வர் செய்து 2010ல் வெளியான ஆய்வு ஒரு எளிய மாற்றத்தைச் சோதித்தது. கொப்பரையின் அடிப்புறத்தில் வரிசையாக உலோகத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். மோட்டார் சைக்கிள் என்ஜினில் வெளிப்புறம் வரிவரியாக இருக்கிறதே, அதே தத்துவம். அங்கே வெப்பம் வெளியேறுவதற்கு, இங்கே உள்ளே ஏறுவதற்கு. விளைவு: வெப்பத் திறன் 9 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது, எரிபொருளில் சுமார் 31 சதவீதம் மிச்சமானது. மேலே போட்ட கணக்கில் துண்டு விழுந்த மூன்றில் ஒரு பங்கை ஏறக்குறைய இது ஒன்றே அடைத்துவிடும்.

வேறு வழிகளும் உண்டு. புகைபோக்கிக்குப் போகும் வழியில் இரண்டாவது கொப்பரையை வைத்தால், வீணாகும் சூட்டிலேயே அடுத்த நடைக்கான சாறு கொதிக்கத் தொடங்கிவிடும். கம்பிச் சல்லடை மேல் சக்கையை எரித்தால் காற்று அடியிலிருந்து சீராக ஏறும். சாம்பலும் தானாக உதிரும். இவற்றில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. உள்ளூர் கொத்தனாரும் வெல்டரும் செய்யக்கூடியவை.

பிறகு ஏன் எல்லாக் கொட்டகைகளிலும் இவை இல்லை? இங்கேதான் பொறியியல் முடிந்து நிர்வாகம் தொடங்குகிறது. சக்கைக்கு யாரும் விலைச்சீட்டு எழுதுவதில்லை. இலவசமாக வருவதை மிச்சப்படுத்த யாரும் முதல் போடுவதில்லை. கொட்டகை ஒருவருடையது, கரும்பு இன்னொருவருடையது என்றால் நிலைமை இன்னும் மோசம். செலவு முதலாமவர் தலையில், மிச்சம் இரண்டாமவர் பையில். கருவியின் திறனை ஆய்வுக் கட்டுரை அளக்கிறது. கருவிக்குப் பணம் யார் போடுவது என்பதை அது தொடுவதில்லை.

இன்னொரு காரணம், சமவெளியில் செய்த ஆராய்ச்சி மலை ஏறும்போது கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. 118 டிகிரி செல்சியஸை ஒட்டி பாகை இறக்க வேண்டும் என்பது வழக்கமான பாடம். அது கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்குச் சரி. உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள மறையூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் காந்தலூர் ஊருக்குள் 95 டிகிரி போதும். எனவே அதே பதம் இங்கே மூன்று முதல் ஐந்து டிகிரி முன்னதாகவே வந்துவிடும். புத்தகத்தைப் பார்த்து 118 வரை காய்ச்சினால் பாகு முறுகும், நிறம் கறுக்கும், உருண்டை கல்லாகும். வெப்பமானியை நம்பியவர் நஷ்டப்படுவார். ஒரு துளி பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தவர் தப்பிப்பார். ஏனென்றால், அந்தக் கைப்பதம் பாகின் அடர்த்தியையே நேரடியாகச் சோதிக்கிறது.

கைப்பதம் விஞ்ஞானத்துக்கு விரோதி அல்ல. ஆனால் கைக்காரர் ஓய்வுபெறும் நாளில் அதுவும் போய்விடும். ஒவ்வொரு கொட்டகையிலும் அன்றன்று தண்ணீர் கொதிக்கும் சூட்டை முதலில் அளந்து, அதற்கு மேல் எத்தனை டிகிரியில் மூத்த கைக்காரர் பாகை இறக்குகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும். செலவு ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம்.

நிறமும் வியாபாரப் பிரச்சினைதான். பளிச்சென்ற மஞ்சள் வெல்லமே சுத்தமானது என்ற எண்ணம் சந்தையில் ஊறிப்போனது. அந்த மஞ்சளுக்காக ‘ஹைட்ராஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சாற்றில் கொட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மறையூர் வெல்லத்தின் கறுத்த நிறம் இந்தப் பந்தயத்தில் தோற்று, வாங்குபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் மட்டும் வெல்கிறது.

அதனால்தான் பெயர் முக்கியமாகிறது. பெயருக்கு மதிப்பு ஏறியதும் போலியும் வந்தது. வெளியூர் வெல்லம் மறையூர் பெயரில் விற்கப்படுகிறது என்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் புகார். 1999ம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் போலிக்குச் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் சாக்கில் கொட்டி விற்கும் உருண்டையில் முத்திரை எங்கே குத்துவது? அடையாளம் காட்ட வேண்டுமானால் பொட்டலம் கட்டி, பெயர் ஒட்டி, எந்தக் கொட்டகையில் எந்தத் தேதியில் காய்ச்சியது என்று எண் போட வேண்டும். அப்படிக் கட்டி, பெயர் ஒட்டிய வெல்லத்தின் மீது 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. உதிரி வெல்லத்துக்கு அந்த வரி இல்லை. நேர்மையை நிரூபிக்கச் செலவு, நிரூபிக்காதவருக்குச் சலுகை என்ற நிலை.

இந்த நெருக்கடியில் ஒரு பயம் தேவையற்றது. அடுப்பை மாற்றினால் பாரம்பரியம் கெடும், குறியீடு போய்விடும் என்பது அந்தப் பயம். மறையூர் வெல்லத்தின் சுவையை மண்ணும் கரும்பும், கொப்பரைக்கு மேலே நின்று வேலை செய்யும் கைகளும் தருகின்றன. கொப்பரைக்குக் கீழே எரியும் சக்கை எவ்வளவு வீணாகிறது என்பதற்கும் சுவைக்கும் சம்பந்தமில்லை. மேலே எதையும் தொடாமல், கீழே எல்லாவற்றையும் மாற்றலாம்.

அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. தகடு பொருத்திய கொப்பரை ஒன்றை ஒரு கொட்டகையில் வைத்து, ஒரு பருவம் முழுக்கச் சக்கையையும் விறகையும் எடை போட்டுக் காட்ட ஒரு சங்கமோ பல்கலைக்கழகமோ முன்வர வேண்டும். அடுத்த கொட்டகைக்காரரை நம்பவைக்க ஆயிரம் கருத்தரங்குகளைவிட, பக்கத்து ஆலையில் மிஞ்சிக் கிடக்கும் ஒரு சக்கைக் குவியல் போதும்.