கார் நின்றது, காது ஓயவில்லை!

போன இதழில் சின்ன வெங்காய வடகம் போடுவது பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் கார் பந்தயம்! "பெரம்பலூரில் அடுப்படியில் நிற்கிறவளுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் தம்பி மூலமாக வந்தது. கடைசி வரை படியுங்கள் சகோதரிகளே, "அட, இது நம் வீட்டுக் கதையும்தான்" என்று உங்களில் சிலருக்காவது தோன்றும்.

எனக்குப் பிறந்த வீடு அரியலூர். தம்பி அங்கே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வண்டி ஓடுகிறது. ஆனால் அவன் மனசெல்லாம் விளையாட்டுப் படங்களில்தான். ஊர் ஊராகப் போய்க் கபடிப் போட்டிகளைப் படம் எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கிருந்து போன் வந்தது. "இருங்காட்டுக்கோட்டையில் சனி, ஞாயிறு கார் பந்தயம். எடுத்துக் கொடுங்கள். நன்றாக வந்தால் தொடர்ந்து வேலை தருகிறோம்."

தூரத்தில் பறக்கிற காரை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டுமாம். என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. (இவரிடம் சொல்லிவிட்டுத்தான்!)

இருங்காட்டுக்கோட்டை சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே அமைத்த ஓடுதளம் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரும் நம் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன்தான். நம் பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பைக், கார் இரண்டிலும் பந்தயம் ஓட்டியவர்.

தம்பி எடுக்கப் போனது, நம் தெருவில் ஓடுகிற மாதிரிக் கார்களையே பந்தயத்துக்கென்று மாற்றி ஓட்டுகிற போட்டி. அமெரிக்காவில் இதைப் போன்றதை 'ஸ்டாக் கார்' பந்தயம் என்கிறார்கள். அதன் பிறப்பே வேடிக்கை. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீஸுக்குப் பிடிகொடுக்காமல் ஓட தங்கள் கார்களின் வேகத்தைக் கூட்டினார்களாம். பிறகு யார் கார் வேகம் என்று தங்களுக்குள்ளேயே போட்டி போட ஆரம்பித்தார்கள். 1948-ல் 'நாஸ்கார்' என்ற அமைப்பே உருவாகிவிட்டது!

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். முதல் கோளாறு என்னால்தான். வழிக்குச் சாப்பிட மிளகாய்ப் பொடி தடவிய இட்லி கட்டிக் கொடுத்தேன். நல்லெண்ணெய் கசிந்து, லென்ஸ் துடைக்கிற துணியில் இறங்கிவிட்டது. பயல் அதைக் கவனிக்காமல் அதே துணியால் லென்ஸைத் துடைத்திருக்கிறான். சனிக்கிழமை காலையில் எடுத்த படமெல்லாம் மார்கழிப் பனியில் கார் ஓடுகிற மாதிரி வந்தது.

அதற்கும் முன்னால் பஸ்ஸில் தூங்கிப்போய், இருங்காட்டுக்கோட்டையை விட்டு ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியிருக்கிறான். ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து சேர்வதற்குள் பயிற்சி ஓட்டம் பாதி முடிந்துவிட்டது. நின்ற இடத்திலோ கண்ணுக்கு நேரே வெயில். கபடிக்காரன் பாடிக்கொண்டு வருவான், பட்டனை அமுக்கலாம். கார் அப்படி வருமா? "அக்கா, பத்துப் படம் எடுத்தா ஒம்பதுல வால்தான் இருந்துச்சு. ஒண்ணுல அதுவும் இல்ல, வெறும் ரோடு!" என்று அவன் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் மழை வேறு. காமிராவுக்கு உறை கொண்டு போகவில்லை. நான் சட்டை மடித்து வைத்துக் கொடுத்த துணிக்கடை பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, காமிராவை அதற்குள் நுழைத்துக்கொண்டு எடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வளைவில் வழுக்கி, மண்ணில் சுழன்று நின்றது. இவன் காமிராவைத் தூக்கினால் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது! ஓட்டியவர் காயமில்லாமல் இறங்கி நடந்ததை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வந்தான்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னவன், ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்து நான் அரியலூர் போயிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, சாப்பிட வா" என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான். "காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடுற மாதிரியே இருக்குக்கா. ராத்திரி தூக்கமும் வரல" என்றான்.

விசாரித்தால், பந்தயத் திடலில் அனுபவமுள்ள போட்டோகிராபர் ஒருவர் மஞ்சள் நிறத்தில் இரண்டு பஞ்சுருண்டை மாதிரிக் காதடைப்பான்களைக் கொடுத்து, "தம்பி, இதைப் போட்டுக்கோ" என்றிருக்கிறார். "வண்டி வர்ற சத்தம் கேட்டாத்தானே தயாரா நிக்க முடியும்?" என்று இவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாளும் சும்மா நின்றிருக்கிறான்.

பெரம்பலூருக்குக் கையோடு அழைத்து வந்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். உள்காதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பெரிய சத்தத்தில் அவை புயலில் நெற்பயிர் மாதிரி சாய்ந்துவிடும். லேசான அடியானால் தானே நிமிரும். அடிக்கடி பட்டால் செத்துவிடும், மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரைதான் காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்! பந்தயக் கார் பக்கத்தில் பறந்தால் 100-ஐ எளிதில் தாண்டிவிடும்.

தம்பிக்கு ஆடியோகிராம் பரிசோதனை செய்தார்கள். சில வாரங்களில் இரைச்சல் அடங்கியது. ஆனால் மெல்லிய, கூர்மையான ஒலிகள் கேட்பதில் சிறிய குறை நிலைத்துவிட்டது. "சத்தத்தால கெடுற காது முதல்ல இப்படித்தாம்மா ஆரம்பிக்கும். பேசுற சத்தம் கேட்கும், சொல் புரியாது" என்றார் டாக்டர்.

எனக்குப் பகீரென்றது. என் அப்பா எத்தனை வருஷமாகச் சொல்கிற வார்த்தை அது! அப்பா அரியலூர்ப் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். டி.வி.யை அலற வைப்பார். விசேஷ வீடுகளில் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பார். "திமிர்" என்றார்கள் உறவினர்கள். "செவிட்டு அப்பா" என்று நாங்களே சிரித்திருக்கிறோம். "சத்தம் கேக்குதும்மா, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார். ஒரு நாளும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனதில்லை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த வாரமே அப்பாவையும் அழைத்துப் போனோம். போன செல்கள் போனவைதான் என்றாலும், காதுக் கருவி உதவியது. கருவி மாட்டிய மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மா தாளித்துக்கொண்டிருந்தார்கள். "கடுகு வெடிக்கிறது கேக்குதுடி!" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புகை என்று சொன்னார்கள்.

சகோதரிகளே, நம் வீட்டிலும் மாவு மில், தறி, மரப் பட்டறை, கிரஷர் என்று சத்தத்தில் உழைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்:

வெறும் பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அருகே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

காதில் இரைச்சல் என்றால் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். சில நாள் தாமதித்தாலும் வாய்ப்பு குறைந்துவிடும்.

காதுக் கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள்.

தம்பி எடுத்ததில் ஒரே ஒரு படம் பத்திரிகையில் வந்தது. துணிக்கடைப் பைக்குள்ளிருந்து எடுத்தானே, மழைத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு வருகிற கார், அதுதான்! அதைப் பார்த்துத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு வளையல் திரும்பிவிட்டது, இன்னொன்றும் வந்துவிடும். இப்போது அவன் கிளம்பும்போதெல்லாம் நான் போனில் கேட்கிற முதல் கேள்வி, "காதடைப்பான் எடுத்துக்கிட்டியா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி அவனுடையது: "அக்கா, இட்லியில எண்ணெய் ஊத்தலையே?"