பரிந்துரைக் கடிதமும் பச்சிளங் குழந்தையும்

தோழா!

பரிந்துரைக் கடிதம் எழுதிப் பழகிய கைகள் நம் கைகள். பள்ளியில் இடமா, மருத்துவமனையில் படுக்கையா, எழுதுகிறோம். ஆனால், கணவனை இழந்த ஏழைத் தாயொருத்தி படிப்பகத்தின் வாயிலில் நின்று, "ஐயா, கூலி போதவில்லை, என் பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று கண்ணீர் சிந்தும்போதும் அதே வேகத்தில் எழுதுகிறாயே, அது தகுமா? உன் உள்ளம் தூயது, ஐயமில்லை. உன் பேனாவோ தாயையும் சேயையும் பிரிக்கிறது!

வறுமை குற்றமா? ஒழுகும் கூரை கொடுமையா? வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்பது 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறி. நமது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசிப் புகலாகவே வைத்திருக்கிறது. முடிவு செய்ய வேண்டியது நீயுமல்ல, நானுமல்ல. தலைவரும் நால்வரும் அடங்கிய குழந்தைகள் நலக் குழு. மூவரேனும் அமராவிடில் அதன் இறுதி ஆணை செல்லாது. குடும்ப நிலையை ஆராய்ந்த அறிக்கை வேண்டும். குழந்தையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். ஏன் இத்தனை கட்டு? தனியொருவரின் இரக்கமும் தவறும், கோபமும் தவறும் என்பதால்தான். (அந்தக் குழுவில் இடம் வேண்டிப் பரிந்துரைக்கு வருவோரும் உண்டு; அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடு!)

"அப்படியானால் எந்தக் குழந்தையையும் பிரிக்கவே கூடாதா?" என்பாய். பிரிக்கத்தான் வேண்டும், சில வேளைகளில் அன்றே, அப்பொழுதே! இலண்டன் மாநகரில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், வளர்ப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்ற உறவுக்காரியின் வீட்டிலே எட்டு வயதுச் சிறுமியொருத்தி வதைபட்டு மாண்டாள். உடலில் 128 காயங்கள்! மருத்துவர் பார்த்தனர், காவலர் பார்த்தனர், நலத்துறையினர் பார்த்தனர். காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது 12 என்று 2003இல் லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. கோப்பு நகர்ந்தது, அந்தக் குழந்தையோடு அமர்ந்து பேசத்தான் நேரமில்லை.

அடித்த தழும்பைக் கண்டால் 1098ஐ அழை. நாளை என்று தள்ளாதே. பசித்த முகத்தைக் கண்டால்? 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குழந்தை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவனை இழந்தவளின் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். நமது படிப்பகச் சுவரில் தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த அலுவலகத்தின் முகவரி இருக்கிறதா?