ஒரு லட்சம் பேரின் கூச்சலும் பதினொருவரின் பொறுமையும்



ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வரும்போதெல்லாம் நாம் முதலில் தேடுவது பதக்கப் பட்டியலைத்தான். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற போட்டிகளில் 28 தங்கம் உட்பட 107 பதக்கங்களை இந்தியா வென்றபோது நாடே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில் குறை காண யாருக்கும் மனம் வராது. ஆயினும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு சோதனை இப்போட்டிகளில் உண்டு. மைதானத்திற்கு வெளியே மூளும் பகையை மைதானத்திற்குள் நிற்கும் வீரன் எவ்வாறு தாங்குகிறான் என்பதே அச்சோதனை. 1962ஆம் ஆண்டு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தவற்றை இம்மாதம் நினைவுகூர விரும்புவது அதற்காகத்தான்.

தோழமைக்காகப் பிறந்த போட்டி

முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுடெல்லியில் நடைபெற்றன. பதினொரு நாடுகள் பங்கேற்றன. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய குரு தத் சோந்தி என்பவரே இப்போட்டிகளுக்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப்போரை முன்னிட்டு 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. டெல்லியிலோ அதே ஜப்பானுக்கும் பந்தியில் இலை போடப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜப்பானியப் படையின் ஆக்கிரமிப்பில் துயருற்ற பர்மாவும் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் அதே திடலில் அணிவகுத்தன. அவர்கள் பட்ட துயரை மறந்திருக்க மாட்டார்கள். எனினும் ஓடவந்த இளைஞனிடம் அதற்குக் கணக்குக் கேட்கவில்லை.

அப்போட்டிகளில் ஈரானை 1-0 என்று வென்று கால்பந்துத் தங்கத்தைப் பெற்றது இந்தியா. அணியைப் பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துர் ரஹீம் அவர்கள். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை நாடறியச் செய்தவர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி நான்காம் இடம் பெற்றதும் அன்னாரின் பயிற்சியில்தான்.

அழைத்தவர் மறந்த வாக்கு

1962ஆம் ஆண்டு நான்காவது போட்டிகளை ஏற்று நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலிய வீரர்களுக்கும் தைவான் வீரர்களுக்கும் விசா வழங்கவில்லை. அரபு நாடுகளின் பால் கொண்ட பரிவும் மக்கள் சீனத்துடன் கொண்ட நட்பும் அதற்குக் காரணங்களாயின. அக்காரணங்களின் பின்னே உண்மையான மனக்குறைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டிகளை நடத்த முன்வந்தபோதே உறுப்பு நாடுகள் அனைத்தையும் வரவேற்கும் பொறுப்பையும் அந்நாடு ஏற்றிருந்தது. ஏற்க இயலாத பொறுப்பாயின், போட்டிகளை நடத்தும் பெருமையையும் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். பெருமையை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கைவிட்டதில்தான் பிழை தொடங்கியது.

இதனைச் சோந்தி வெளிப்படையாகக் கண்டித்தார். எல்லா உறுப்பினரையும் அனுமதிக்காத போட்டிகளை ஆசியப் போட்டிகள் என்று அழைக்கலாகாது என வாதிட்டார். அவருடைய வாதம் ஜகார்த்தாவில் பெருஞ்சினத்தை மூட்டியது. செப்டம்பர் 3ஆம் நாள் திரண்டெழுந்த கூட்டமொன்று இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. மறுநாள் கால்பந்து இறுதியாட்டம். ஆட வேண்டியவர்கள் இந்தியர்கள்!

கூச்சலுக்கு நடுவே

சோந்தி சொன்னதற்கும் பந்தாட வந்த பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு? எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் மைதானத்திற்குச் செல்லும் வழியில் பேருந்திற்குள் தலையைத் தாழ்த்திக் குனிந்தபடியே சென்றதாக அவ்வீரர்கள் பிற்காலத்தில் கூறினார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் அமர்ந்திருந்த அரங்கம் அவர்களை ஏளனக் கூச்சலிட்டு வரவேற்றது.

முந்தைய நாள் ரஹீம் சாஹிப் தம் வீரர்களிடம் பழிவாங்கும் பேச்சுப் பேசவில்லை. நாளை எனக்கு ஓர் அன்பளிப்பு வேண்டும், தங்கத்தை வென்று தாருங்கள் என்ற பொருள்படக் கேட்டுக்கொண்டார் என வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இறுதியாட்டத்தில் எதிரில் நின்ற தென்கொரியா, தொடக்கச் சுற்றில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்திய அணி. முந்தைய ஆட்டமொன்றில் அடிபட்டுத் தலையில் தையல் போடப்பட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை, ரஹீம் சாஹிப் முன்களத்தில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் சிங் மற்றொன்று அடித்தார். ஆட்டம் 2-1 என்று முடிந்தது. சுனி கோஸ்வாமி தலைமையிலான அவ்வணியில் பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் இருந்தனர். கூச்சலிட்டவர்களுக்கு அவர்கள் கூச்சலால் மறுமொழி தரவில்லை.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அதே போட்டிகளின் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் பெற்றது பாகிஸ்தான். அந்தப் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் கால்பந்து அரங்கில் அமர்ந்து இந்திய அணிக்கு ஊக்கக் குரல் கொடுத்தார்கள் என்று இந்திய வீரர்களே நன்றியுடன் சொல்லியிருக்கிறார்கள். களத்தில் மோதிக்கொண்டவர்களால் இது இயன்றது. களத்தில் இறங்காத கூட்டத்தால் இயலவில்லை.

ரஹீம் சாஹிப் 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். ஆசியப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா அவருக்குப் பின் தங்கம் வென்றதில்லை.

விலை கொடுத்தவர்கள் யார்?

1963ஆம் ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. அந்நாடு அதே ஆண்டு நவம்பரில் ‘கனெஃபோ’ என்ற பெயரில் தனியொரு போட்டியை நடத்திற்று. அதில் பங்கேற்ற தடகள, நீச்சல் வீரர்களைச் சர்வதேசக் கூட்டமைப்புகள் தடை செய்தன. முடிவில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவும் வடகொரியாவும் கலந்துகொள்ளவில்லை. ஜகார்த்தாவில் 100 மீட்டர் ஓட்டத்திலும் 110 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்ற இந்தோனேசிய வீரர் முகம்மது சாரெங்கத்துக்கும் டோக்கியோவில் இடமில்லாது போயிற்று. வடகொரிய ஓட்டவீராங்கனை சின் கிம் டான் உலகச் சாதனையை விஞ்சும் வேகத்தில் ஓடியவர். அவரும் டோக்கியோ வரை வந்து ஓடாமலே திரும்பினார். கொரியப் போரில் பிரிந்துபோன தந்தையை அங்கே மிகச் சொற்ப நேரம் சந்தித்ததே அவர் கண்ட பலன். முடிவெடுத்த தலைவர்கள் தத்தம் நாற்காலிகளில் இருந்தார்கள். உழைத்த பிள்ளைகளின் சிறந்த ஆண்டுகள் மட்டும் வீணாகிக் கழிந்தன.

காலம் சில காயங்களை ஆற்றியது. தைவான் 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் போட்டிகளில் ‘சீன தைபே’ என்ற பெயரில் மீண்டும் வந்தது. 2018ஆம் ஆண்டு அதே ஜகார்த்தாவில், அதே அரங்கில், வடகொரியரும் தென்கொரியரும் ஒரே கொடியின் கீழ் அணிவகுத்து வந்தபோது மக்கள் கரவொலி எழுப்பி வரவேற்றார்கள். கூச்சலிட்ட ஊரே கைதட்டவும் கற்றுக்கொண்டது.

நம் வீட்டுக் கூடத்தில்

பெற்றோர்களே! இன்று அரங்கம் நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. எதிரணி வீரன் தவறி விழுந்தால் நாம் சிரிக்கிறோம். அவன் நாட்டையும் இனத்தையும் சேர்த்து ஏசுகிறோம். நம்மவன் தோற்றாலோ அவனையும் விடுவதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் குழந்தை ஆட்டத்தின் விதிகளை விட நம் வாய்ச்சொற்களை விரைவில் கற்றுக்கொள்கிறது. நாளை பள்ளியில் வேறு ஊரான், வேறு மொழியான், வேறு சமயத்தான் ஒருவனைக் காணும்போது அச்சொற்களையே அது எடுத்து வீசும்.

அநீதியைக் கண்டு கோபங்கொள்வது தவறன்று. அக்கோபத்தை உரிய இடத்தில், உரியவரிடம் சொல்லப் பழக வேண்டும். யாரோ செய்ததற்காக வேறொருவரைத் தூற்றுவது நீதியாகாது. ஆகவே அடுத்த முறை பிள்ளைகளுடன் அமர்ந்து ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். எதிரணியில் ஒருவன் அழகாக ஆடினால், “நன்றாக ஆடினான்” என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். ரஹீம் சாஹிபைப் பற்றியும், தையல் போட்ட தலையுடன் ஆடிய ஜர்னைல் சிங்கைப் பற்றியும் அப்போது எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.