ஒரு சட்டத்துள் அடங்காத காட்சி

தொண்டைமானாற்று நீரேரிக் கரையிலே நின்று மெல்லத் தலையைத் திருப்பின், பனை வரிசையும் விரிந்த நீர்ப்பரப்பும் சந்நிதி முருகன் கோயிலும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கண்ணுக்கு விருந்தாகும். கமராவோ அவற்றுள் ஒரு துண்டையே தரும். சென்ற விடுமுறையில் நம் மாணாக்கன் ஒருவன் இக்குறையோடு நம்மிடம் வந்தான். கனடாவில் நோயுற்றிருக்கும் அவன் பாட்டனார், தாம் பிறந்த கரையை முழுமையாகக் காண விரும்பினாராம்.

துண்டுகளை எடுத்து இணைத்தலே இதற்கு வழி. இது புதிய வித்தையன்று. 1878 இல் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பார் சான் பிரான்சிஸ்கோ நகரின் குன்றொன்றில் நின்று, நாற்றிசையையும் 13 தகடுகளில் எடுத்து இணைத்தார். 1906 இல் நிலநடுக்கமும் தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்தன. படமோ எஞ்சி நின்றது.

மாணாக்கனின் முதல் முயற்சி பிழைத்தது. வானம் ஒரு துண்டில் வெளிறியும் அடுத்ததில் இருண்டும் இருந்தது. அருகிலிருந்த வேலிக் கதியால் இரண்டாகத் தோன்றியது. முன்னதற்குக் காரணம், கமரா ஒவ்வொரு முறையும் ஒளியளவைத் தானே மாற்றியமை. காட்சியின் நடுத்தர ஒளிக்கேற்ப அளவை ஒருமுறை அமைத்து, குவியத்தையும் அவ்வாறே நிலைநிறுத்தி, இறுதிவரை மாற்றாது எடுத்தல் வேண்டும்.

பின்னதை அறிய, ஒரு விரலை முகத்தின்முன் நிறுத்தி இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். தொலைவிலுள்ள பனையோ அசையாது. பார்க்குமிடம் மாறினால் அண்மைப் பொருள் இவ்வாறே விலகும். ஆகவே உடலைச் சுழற்றாது, வில்லை இருந்த இடத்திலேயே இருக்கக் கமராவைச் சுழற்றுக. முக்காலி இருப்பின் நன்று. அதனை மட்டமாக நிறுத்துக. அண்மைப் பொருள்களை இயன்றவரை தவிர்த்தலும் நலம்.

கமராவை நெடுக்காகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முன்னையதில் மூன்றிலொரு பங்கை மூடுமாறு எடுக்க. 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்ட சட்டத்துக்கு 50 மி.மீ. வில்லை பொருத்தினால், நெடுக்குப் படம் ஒன்று ஏறத்தாழ 27 பாகையை அடக்கும். மூன்றிலொன்று மூடப்படுதலால் அடுத்த ஒவ்வொன்றும் புதிதாகத் தருவது 18 பாகையே. அரைவட்டக் காட்சிக்கு 10 படங்கள் போதும். இணைக்கும் வேலையைக் கணினி செய்யும். கைத்தொலைபேசியில் எடுப்போரும் வில்லையை இடம்பெயர்க்காது சீராகத் திருப்புதல் அவசியம்.

மறுநாட் காலையில் எடுத்த படம் செவ்வையாக அமைந்தது. அதைக் கண்ட பாட்டனார், "கரையில் நின்ற புளியமரம் எங்கே?" என்று கேட்டாராம். அம்மரத்தைப் பேரன் கண்டதேயில்லை. துண்டுப் படமாயிருப்பின் மரம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறதென அவர் ஆறுதலடைந்திருப்பார். முழுக்காட்சி அவ்வாறு எண்ண இடந்தரவில்லை.

இளைஞர்களே, உங்கள் ஊர்க் காட்சியை மரங்கள் நிற்கும்போதே எடுத்து வையுங்கள். படத்தின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுத மறவாதீர்கள்.