கைத்தொழில் பக்கம்: பாவித்த கமராவுக்குக் கடன் எடுக்கலாமா?



சாவகச்சேரியில் சாமத்தியவீடுகளுக்குப் படம் எடுக்கும் தங்கை ஒருத்தி, சுயதொழில் கடனில் பாவித்த கனன் 6டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். 2012இல் அறிமுகமான, 'புல் பிரேம்' வகையில் விலை குறைந்த கமரா அது.

அதன் பலம் இருட்டில் தெரியும். படம் பதியும் சென்சர் ஏறக்குறைய 36 x 24 மில்லிமீற்றர். சிறிய கனன்களில் உள்ளதைவிட இரண்டரை மடங்கு பரப்பு. இரவுப் பந்தலிலும் படம் மணல் தூவியதுபோல் வராது. ஆனால் கமராவோடு சேர்ந்த பிளாஷ் இல்லை. குவியப் புள்ளிகள் 11தான். நடுப்புள்ளியை நம்பலாம், ஓரத்தில் உள்ளவற்றை அவ்வளவு நம்ப முடியாது. ஓடித்திரியும் பிள்ளைகளைப் பிடிப்பது கடினம்.

கடனைக் கூட்டப்போவது லென்ஸ். சிறிய கனனோடு வரும் 18-55 இதில் பூட்டாது.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. இதில் மெமரி காட் ஒன்றுதான் போடலாம். நிக்கோன் டி610இல் இரண்டு போட்டு, ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அல்பங்களையும் விட்டுவிட்டு ஓடிய சனம் நாங்கள். படமில்லாத வீட்டின் கவலை உங்களுக்குத் தெரியும். காட் பழுதானால் அந்தப் பிள்ளையின் சடங்கை மறுபடி செய்யவா முடியும்?

6டிதான் கைக்கெட்டுமென்றால், சடங்கின் நடுவில் காட்டை மாற்றிவிடு, அன்றிரவே கணினியில் ஏற்று என்றேன். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்றும் விற்பவரைக் கேட்கச் சொன்னேன். கனன் சொன்ன ஆயுள் 1 இலட்சம்.