சிறகு எதற்கு?

மிகுபுனைவு என்ற பெயரில் தமிழில் வரும் கதைகளை நாம் விருப்பத்தோடுதான் வாசிக்கிறோம். ஆனால் வானில் உலவும் ஓர் இனத்தைப் படைக்க முனையும்போதெல்லாம் நம் எழுத்தாளர்கள் ஏன் தோளில் வெண்சிறகை ஒட்டிவிடுகிறார்கள்? பாத்திரத்தின் பெயர் தூய தமிழ்; சிறகோ ஐரோப்பியத் தேவாலயச் சுவரிலிருந்து இறங்கியது. கேட்டால், 'நம் மரபில் அப்படி ஓர் இனம் ஏது?' என்கிறார்கள். கடன் வாங்குவதில் நமக்கு வருத்தமில்லை. வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பாராமல் வாங்குவதில்தான் வருத்தம்.

திருவண்ணாமலைக்குப் போனவர்கள் மலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். அந்தச் சுற்றுக்கு எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் ஒரு கதை சொல்கிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி ஒரு புனுகுப் பூனையைத் துரத்துகிறான். பூனை மலையை வலமாக ஓடுகிறது, குதிரையும் ஓடுகிறது. சுற்று முடிந்ததும் இரண்டும் விழுந்து மாய்ந்து, இரு வித்தியாதரர்களாக எழுகின்றன. துருவாசரின் நந்தவனத்தில் ஒருவன் செருக்கோடு மிதித்து நடந்தான், மற்றவன் பூவின் மணத்தில் மயங்கினான். சாபத்தால் முன்னவன் குதிரை, பின்னவன் பூனை. விலங்குகளுக்கு விண் கிடைக்க, அரசன் தரையில் கிடக்கிறான். அவன் காலால் நடக்கவில்லையே! பிறகு நடந்தான் என்கிறது புராணம். மண்ணில் பதியும் காலுக்கும் வானுக்கும் இப்படி முடிச்சுப் போட்ட கற்பனை எந்த மேலைக் கதைக்குக் குறைந்தது?

இந்த வித்தியாதரரைத்தான் நம் காப்பியங்கள் விஞ்சையர் என்கின்றன. விஞ்சை என்றால் வித்தை. அவர்கள் பறப்பது உறுப்பால் அல்ல, கற்ற கல்வியால். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விண்ணில் மிதந்துவரும் இணைகளைப் பாருங்கள். ஒருவருக்கும் சிறகில்லை. மடங்கிய காலிலேயே பறத்தலைக் காட்டிவிட்டான் சிற்பி. (கின்னரருக்குப் பறவைக் கால் உண்டு, அது வேறு இனம்.)

சிறகு வெட்டுண்டால் ஒழிய வீழாது, கல்வியோ மறந்துபோகும். மணிமேகலையின் காயசண்டிகை, பொதிய மலையில் ஒரு முனிவர் 12 ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைக்கிறாள். 12 ஆண்டு தீராப் பசியும், வான்செல்லும் மந்திரத்தை மறத்தலும் சாபமாகின்றன. மந்திரம் மறந்த விஞ்சையள் பூம்புகார்த் தெருவில் பசியோடு அலைகிறாள். பசி தீர்ந்து ஊர் திரும்புகையில், விந்தமலைக்கு மேலாகப் பறந்ததால் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போகிறாள். அவளைத் தேடிவந்த கணவன் காஞ்சனனோ, அவள் வடிவிலிருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்றெண்ணி உதயகுமாரனை வெட்டுகிறான். இவ்வளவையும் பழம்பாடல் என்று ஒதுக்கிவிட்டு வெண்சிறகைத் தேடுவானேன்?

சிறகுதான் வேண்டும் என்பவர்கள் அண்ணாமலையார் கோயிலின் கிளி கோபுரத்தடியில் சற்று நிற்கலாம். அருணகிரிநாதர் பாரிசாத மலருக்காகக் கிளியுடலில் புகுந்து பறந்தார். திரும்பியபோது அவருடைய மனித உடல் எரிக்கப்பட்டிருந்தது என்பது ஊர்க்கதை. அங்கே சிறகு, வீடு திரும்ப முடியாமற் போனவருக்கு வாய்த்தது.