எல்லாமே கேஸ்தானா?

"கேஸ்" என்ற சொல்லை நம் வீடுகளில் கொஞ்ச காலத்துக்கு விலக்கி வைத்தால் தேவலை. ஏப்பம் வந்தால் கேஸ், வயிறு உப்பினால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், நெஞ்சு எரிந்தாலும் கேஸ். மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்றால் அவரும் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்து விடுகிறார்.

நெஞ்செரிச்சல் காற்றுச் சமாச்சாரம் அல்ல. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை உண்டு. சாப்பாடு இறங்கியதும் மூடிக் கொள்ள வேண்டிய கதவு அது. தளர்ந்து போனால் அமிலம் மேலே ஏறும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உட்பூச்சு இருக்கிறது, குழாய்க்கு அந்த அளவு இல்லை. அதனால்தான் எரிச்சலும், வாயில் புளித்த தண்ணீரும். சிலருக்கு ராத்திரி வறட்டு இருமல்கூட இதனால் வரும்.

மாத்திரையைவிட எனக்கு அதிகம் உதவியது நாலு செங்கல். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டாக வைத்தேன், ஏறக்குறைய 6 அங்குலம் உயர்ந்தது. தலையணையை அடுக்கினால் அந்தப் பலன் கிடைக்காது. இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும். "உருண்டு விழுந்துடுவேன் போலிருக்கு" என்று என் வீட்டம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். பிறகு தச்சரிடம் சொல்லி, கால் வழுக்காதபடி குழி வெட்டிய மரக்கட்டையாகவே செய்து வாங்கி விட்டோம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது. அப்போது இரைப்பை, குழாய் சேரும் வாயைவிடத் தாழ்ந்து நிற்கும்.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய சிக்கல். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால் முடித்து விட வேண்டும். நம் வீடுகளில் மருமகள் ஆபீஸிலிருந்து வந்து, சீரியலும் முடிந்து, 9.30க்கு நாலு தோசை, 10 மணிக்குப் படுக்கை. தனக்கு மட்டும் முன்னால் கேட்க நம் வயதுக்காரர்களுக்குக் கூச்சம். ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது. 7 மணிக்கு நாமே மூன்று இட்லி ஊற்றிக் கொண்டால் யாருக்கு என்ன குறைந்து விடும்?

தூங்கப் போகும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் அடங்கும் என்பார்கள். அடங்கும், கொஞ்ச நேரத்துக்கு. பிறகு அந்தப் பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும். நுரைக்கும் உப்புப் பொடியில் சோடியம் அதிகம், பிரஷர்காரர்கள் தினமும் கலக்கிக் குடிக்கக் கூடாது.

பான்டோபிரசோல் மாத்திரையைப் பலர் சாப்பிட்ட பிறகு போடுகிறார்கள். உணவுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் பி12 குறையலாம். அதற்காக நாளைக்கே நிறுத்தவும் கூடாது, அமிலம் முன்னைவிட வேகமாகத் திரும்பும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். போகும்போது மற்ற மாத்திரைகளையும் பையில் எடுத்துப் போங்கள். மூட்டுவலி மாத்திரை, பிரஷருக்கான அம்லோடிபின் இரண்டுமே நெஞ்செரிச்சலைக் கூட்டக் கூடியவை.

எங்கள் தெருவில் ஒருவருக்கு ராத்திரி நெஞ்சு அடைத்தது, நன்றாக வியர்த்தது. கேஸ் என்று சோடா குடித்து, முதுகைத் தடவிவிடச் சொல்லி, விடியட்டும் என்று காத்திருந்தார். விடிந்தபோது அவர் இல்லை. வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் அழுத்தம் என்று எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி லேசாகத்தான் தெரியும், இன்னும் கவனம் தேவை. ஈ.சி.ஜி. எடுத்து, கேஸ்தான் என்று டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

விழுங்கும்போது சிக்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ வீட்டு வைத்தியம் போதாது. எண்டோஸ்கோப்பி என்றதும் பயப்படுகிறார்கள். தொண்டையில் மரத்துப் போகும் மருந்தை அடித்து விட்டுத்தான் செய்கிறார்கள், சில நிமிட வேலை. வெறும் வயிற்றோடு போக வேண்டும், அன்றைய காலைக் காபி மட்டும் தள்ளிப் போகும்.